இடம்பெயரும் ஆவணங்களும் இஸ்னாதும்

ஹதீஸ் கலையில் ஓர் அறிவிப்பு இரு கூறுகளால் ஆனது. சொல்லப்பட்ட செய்தி ‘மத்ன்’. அது யார் யார் வழியாக வந்து சேர்ந்தது என்னும் தொடர் ‘இஸ்னாத்’. இஸ்னாத் அறுந்த மத்ன் எத்துணை அழகிய பொருளுடையதாயினும் முஹத்திஸ்கள் அதனைத் தயக்கத்துடனேயே நோக்கினர். இன்று கணினித் துறையார் ‘மீத்தரவு’ என வழங்குவதும் ஏறத்தாழ இதே பணியைச் செய்கிறது. ஒரு படம் எந்த மூலத்தின் படி, யாரால், எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்பதை அது கூறும். மின்வடிவ ஆவணங்களைப் பழைய மேலாண்மை அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றுங்கால் கோப்புகள் பெரும்பாலும் பழுதின்றிச் சென்று சேர்கின்றன. குறிப்புகளே வழியில் உதிர்கின்றன.

முத்துக்குளித்துறைக் கரையிலுள்ள குலசேகரன்பட்டினத்தையே சான்றாகக் கொள்வோம். 1986 அக்டோபர் 20 வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அன்று உருவான வ.உ.சிதம்பரனார் மாவட்டமே பின்னர் தூத்துக்குடி மாவட்டம் எனப் பெயர் பெற்றது. மக்கள் நாவில் இவ்வூர் ‘குலசை’. ஆங்கில ஆவணங்களில் ‘குலசேகரபட்ணம்’. இன்றைய பெயரை மட்டுமே ஏற்கும் அமைப்பில் பழைய பெயர்கள் அழிந்தால், பழைய நூலொன்றின் குறிப்பைக் கையில் கொண்டு தேடுவோனுக்கு அந்த ஆவணம் கிடைக்காது. மாவட்டத்தைத் திருத்தாமல் விட்டாலோ, தூத்துக்குடி எனத் தேடுவோனுக்கு அது அகப்படாது. இரண்டையும் அருகருகே வைப்பதே முறை.

கல்வெட்டு மைப்படிகளின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. தொல்லியல் துறை கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அவ்வாண்டுக்குரிய வரிசை எண் இட்டு, ஊர், வட்டம், மாவட்டம், மொழி ஆகியவற்றுடன் ஆண்டறிக்கையில் பதிந்தது. உதகையிலிருந்த அப்படிகள் 1966இல் மைசூருக்குச் சென்றன. தமிழ்ப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. தாள் எங்குச் சென்றாலும் அதன் அடையாளம் அந்த எண்ணே. எண் தொலைந்தால் எஞ்சுவது மை படிந்த வெறுந்தாள். மின்படியிலும் இதே இடர் உண்டு. எண்ணைக் கோப்பின் பெயரில் மட்டும் எழுதிவைத்திருந்து, புதிய அமைப்பு கோப்புகளுக்குத் தானே வேறு பெயர் சூட்டிவிட்டால், அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

ஆண்டுக் குறிப்பிலும் எச்சரிக்கை தேவை. ஹிஜ்ரி 1258, 1842 பிப்ரவரியில் தொடங்கி 1843இன் தொடக்கத்தில் முடிந்தது. கொல்லம் 1017, 1841 ஆகஸ்டு முதல் 1842 ஆகஸ்டு வரை நீண்டது. கிறித்தவ ஆண்டு ஒன்றை மட்டுமே ஏற்கும் கட்டத்தில் ‘1842’ என நிரப்பி மூல ஆண்டை நீக்கினால், ஏட்டை எழுதியவர் சொல்லாத ஒன்றை அவர் மேல் ஏற்றியவராவோம்.

ஆதலின் மாற்றத்துக்கு முன்பே, பழைய அமைப்பின் எந்தக் குறிப்பு புதியதன் எந்தக் கட்டத்தில் சேரும் என அட்டவணை இடுதல் வேண்டும். பழைய எண்ணுக்குத் தனிக் கட்டம் வேண்டும். இடமில்லாத குறிப்பை எறிந்துவிடாது பொதுக் குறிப்பிலேனும் வைத்தல் வேண்டும். மாற்றியபின் எண்ணிக்கையை ஒப்பிட்டு, சில பதிவுகளை மூலத்தோடு வைத்துப் படித்துப் பார்த்தல் வேண்டும். சரிபார்ப்பு முடியும்வரை பழைய பதிவேட்டை அழித்தலாகாது.

ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ், ஹதீஸைப் பெறும் எட்டு வழிகளில் இறுதியாக ‘விஜாதா’வைக் கூறுகிறார். ஆசிரியரிடம் கேளாது, ஒருவரது எழுத்தில் கண்டெடுத்ததை, ‘இன்னாரின் எழுத்தில் கண்டேன்’ என்று சொல்லியே அறிவிக்கும் முறை அது. மூலம் தெரியாத ஆவணத்துக்கும் இந்த நேர்மையே பொருந்தும். வெற்றுக் கட்டத்தை ஊகத்தால் நிரப்புவதினும், எந்தப் பெட்டியில், எந்நாளில் கண்டெடுத்தோம் என்று எழுதிவைப்பது பின்வருவோருக்கு நாம் செய்யும் அமானிதம்.