புக்கிட் நானாஸ் குன்றில் வீழ்ந்த சிப்பாய்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜூரோங் வட்டாரக் குடும்பங்கள் பல, துவாஸ் இரண்டாம் இணைப்புப் பாலத்தைக் கடந்து கோலாலம்பூருக்குப் பயணமாகின்றன. அங்கே 421 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறி நகரைப் பார்க்காத பிள்ளைகள் குறைவு. அக்கோபுரம் நிற்கும் குன்றின் பெயர் புக்கிட் நானாஸ். 1872ஆம் ஆண்டு அக்குன்றில் ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் இந்தியச் சிப்பாய்களும் மாண்டனர். நம் மாணவர்களுள் இதனை அறிந்தவர் மிகச் சிலரே. ஆகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்றைய கோலாலம்பூர் ஒரு மாநகரன்று. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில், மலைக்காடுகளின் அடிவாரத்தில், கூரைவேய்ந்த வீடுகளைக் கொண்ட சிற்றூர். 1857ஆம் ஆண்டு வாக்கில் கிள்ளானின் தலைவர் ராஜா அப்துல்லா, அம்பாங் பகுதியில் ஈயம் தோண்டச் சீனத் தொழிலாளர் 87 பேரை அனுப்பினார். ஒரு மாதத்திற்குள் அவர்களில் பெரும்பாலோரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஆயினும் ஈயம் கிடைத்தது, ஊரும் வளர்ந்தது.

ஈயம் கடலை அடைய ஒரே வழி கிள்ளான் ஆறுதான். ஆற்றின் முகத்துவாரத்தைக் கையில் வைத்திருப்பவர் எவரோ அவரே வரி தண்டுவார். போரின் வேர் இங்கேதான் இருக்கிறது. கிள்ளான் தம் தந்தைக்கு உரியது என்று கருதிய ராஜா மஹ்டி, 1867இல் அதனைக் கைப்பற்றினார். சுல்தான் அப்துல் சமாதின் மருமகனும் கெடா இளவரசருமான தெங்கு கூடின், ராஜா அப்துல்லாவின் மகனோடு சேர்ந்து 1870இல் அதனை மீட்டார். அரசகுடும்பச் சண்டையில் சீனக் குழுக்களும் இருபுறம் பிரிந்து நின்றன. கோலாலம்பூரின் காப்பித்தான் யாப் ஆ லோய் கூடின் பக்கம் சேர்ந்தார்; காஞ்சிங் சுரங்கங்களில் இருந்த அவருடைய எதிரிகள் மஹ்டியின் பக்கம் சாய்ந்தனர்.

கூடினுக்குப் படை வேண்டியிருந்தது. படைக்குப் பணம் வேண்டியிருந்தது. கடன் கொடுத்தவர்களுள் ஒருவர் சிங்கப்பூர் வழக்கறிஞர் ஜே. ஜி. டேவிட்சன். ஐரோப்பிய அதிகாரிகளின்கீழ் இந்தியச் சிப்பாய்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். புக்கிட் நானாஸ் குன்றின்மீது மரவேலி அரண் அமைத்து ஊரைக் காத்தவர்கள் இவர்களே. அவர்களின் தலைவர்கள் வான் ஹேகன், கவலியேரி என்னும் இருவர்.

1872இல் நிலைமை தலைகீழாயிற்று. அதுவரை கூடினுக்கு உதவிய மண்டைலிங் மக்களின் தலைவர்களான ராஜா அசாலும் சுத்தான் புவாசாவும் அணி மாறி, மஹ்டியின் படைத்தலைவர் சையத் மஷோருடன் சேர்ந்தனர். ஊர் முற்றுகையிடப்பட்டது. அரணில் இருந்தவர்கள் தப்பிக் கிள்ளானை அடைய முயன்றனர். பெட்டாலிங் அருகே பிடிபட்டுக் கொல்லப்பட்டனர். யாப் ஆ லோய் உயிர்தப்பிக் கிள்ளான் சேர்ந்தார். கோலாலம்பூர் எரிந்து சாம்பலாயிற்று.

அதே ஆண்டில் சிங்கப்பூர் வர்த்தகச் சங்கம் காலனி அரசிடம் முறையிட்டது. இலாபத்தை நாடி ஆபத்தான இடத்தில் முதலீடு செய்தவர்களுக்கு அரசு பொறுப்பேற்காது என்பதே கிடைத்த விடையின் சாரம். வணிகர்களுக்கு அந்த விடையாவது கிடைத்தது. கூலிக்குப் போன சிப்பாய்களுக்காகக் கேட்டவர் யார்?

1873 மார்ச்சில் பகாங் வீரர்களின் துணையோடு கோலாலம்பூர் மீட்கப்பட்டது. மறு ஆண்டு ஆங்கிலேயர் சிலாங்கூர் ஆட்சிக்குள் நுழைந்தனர். கூடினுக்குக் கடன் கொடுத்த டேவிட்சனே 1875இல் சிலாங்கூரின் முதல் ஆங்கிலேய ஆலோசகரானார்! யாப் ஆ லோய் ஊரை மீண்டும் கட்டினார். கடன்சுமையில் தவித்த அவரை 1879இல் உயர்ந்த ஈயவிலை காப்பாற்றியது. தோற்ற மஹ்டியும் தம் இறுதிக்காலத்தைச் சிங்கப்பூரில் கழித்தார்.

இவ்வரலாற்றைச் சொல்லும் நூல்களில் இளவரசர்களுக்குப் பெயர் உண்டு. காப்பித்தானுக்குப் பெயரும் உண்டு, தெருவும் உண்டு. ஐரோப்பிய அதிகாரிகள் இருவருக்கும் பெயர் உண்டு. அவர்களோடு மாண்டவர்கள் மட்டும் "சிப்பாய்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். தம்முடையதல்லாத ஊரில், தமக்குப் பங்கில்லாத வரிப்பணச் சண்டையில், மாதச் சம்பளத்திற்காக நின்றவர்கள் அவர்கள். தோட்டங்களும் இரயில்பாதைகளும் பெருகி நம்மவர் திரளாக அங்கே செல்வதற்கு முன்பே, இந்தியரின் இரத்தம் அம்மண்ணில் சிந்தியிருக்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் போர்களைப் பற்றிப் பேசும்போது, "யார் வென்றார்?" என்ற வினாவோடு நிறுத்திவிட வேண்டாம். "யார் பணம் கொடுத்தார்? யார் இலாபம் பெற்றார்? யாருடைய பெயர் எழுதப்படவில்லை?" என்றும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் இவ்வினாக்கள் விளங்கும். பெற்றோரும் அடுத்தமுறை அக்கோபுரத்தின் உச்சியில் நிற்கும்போது, தொலைவில் தெரியும் கட்டடங்களைக் காட்டியபின், காலடியில் இருக்கும் குன்றையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.