வாளாவிருத்தலும் காத்திருத்தலும்: செவிநரம்புக் கட்டி மருத்துவத்தின் ஒரு நூற்றாண்டு

உள்காதிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்லும் எட்டாம் நரம்பின் உறையில் தோன்றுவது செவிநரம்புக் கட்டி. இது புற்றுநோய் அன்று; வேறு உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஆனால் இருக்கும் இடம் பொல்லாதது. முகத்தசைகளை இயக்கும் முகநரம்பும் எட்டாம் நரம்பு செல்லும் அதே எலும்புக் குழாய் வழியே ஓடுகிறது. சற்று உள்ளே மூளைத்தண்டு. இக்கட்டியை வெட்டி எடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்ற கேள்விக்கான விடை ஒரு நூற்றாண்டுக்குள் பெரிதும் மாறிவிட்டது. அறுவைத் திறனின் வளர்ச்சி மட்டும் இதற்குக் காரணம் ஆகாது. கட்டியை எந்த அளவில் காண முடிந்தது என்பதே ஒவ்வொரு காலத்திலும் விடையைத் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயாளி மருத்துவரிடம் வந்தபோது செவி கெட்டு, நடை தள்ளாடி, பல வேளை பார்வையும் மங்கியிருந்தது. மண்டையோட்டின் பின்புறத்தைத் திறந்து, கட்டியை விரலால் தோண்டி எடுப்பதே அன்றைய முறை. இரத்தக்குழாய் கிழிந்தால் மூளைத்தண்டு பழுதாகும். அறுவைக்கு உட்பட்டோரில் பெரும்பாலோர் இறந்தனர். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1917இல் வெளியிட்ட நூலில் வேறொரு வழியை முன்வைத்தார்: உறையை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் அகற்றுவது. அவரது கையில் இறப்பு விகிதம் ஏறத்தாழ 20 விழுக்காடாகக் குறைந்தது. எஞ்சிய கட்டியோ மீண்டும் வளர்ந்தது. மற்றோர் அமெரிக்க அறுவை மருத்துவரான வால்டர் டாண்டி கட்டியை முழுமையாக அகற்றினார். அதற்குப் பெரும்பாலும் முகநரம்பு பலியாயிற்று. ஆயினும் இருவருக்கும் காத்திருப்பது ஒரு தேர்வாக இருக்கவில்லை. அவர்கள் கண்ட கட்டிகளைப் பொறுத்தவரை காத்திருப்பு என்பது சாவுதான்.

1960களில் லாஸ் ஏஞ்சலிஸில் காது மருத்துவர் வில்லியம் ஹவுஸ் நுண்ணோக்கியின் துணையோடு, காதின் எலும்பைக் குடைந்து கட்டியை அடைந்தார். கட்டியின் மேல் நாடாபோல் மெலிந்து படிந்திருக்கும் முகநரம்பைப் பிரித்துக் காப்பது இயலக்கூடியதாயிற்று. உயிர் பிழைக்குமா என்ற கேள்வி, முகம் கோணாமல் இருக்குமா என்று மாறியது. 1969இல் ஸ்டாக்ஹோமில் நரம்பறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் குழு காமா கதிர்களைக் கட்டியின் மேல் குவித்து மூன்றாவது வழியைத் திறந்தது. 1980களில் எம்.ஆர்.ஐ. வந்தபின், எலும்புக் குழாயை விட்டு வெளிவராத சில மில்லிமீட்டர் கட்டிகளும் தென்பட்டன. இலேசான காதிரைச்சலோடு வந்தவருக்கும் இப்போது கட்டி இருப்பது தெரியவந்தது. கேள்வி மேலும் நகர்ந்தது: இது வளருமா?

டென்மார்க்கில் 552 பேரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியான ஆய்வு விடையளித்தது. குழாய்க்குள் அடங்கிய கட்டிகளில் 17 விழுக்காடும், வெளியே நீண்டவற்றில் ஏறத்தாழ 29 விழுக்காடுமே வளர்ந்தன. வளர்ந்தவையும் முதல் ஐந்தாண்டுகளுக்குள் வளர்ந்தன. சிறிதாக இருக்கும்போதே எடுப்பது எளிதல்லவா என்று கேட்கலாம். எளிதுதான், ஆனால் வளராத கட்டிக்காக முகநரம்பைப் பணயம் வைப்பது நியாயமாகாது. கட்டி வளராவிட்டாலும் செவித்திறன் குறையுமே என்பது இன்னும் வலுவான மறுப்பு. உண்மை, எனினும் உடனடிச் சிகிச்சை அதைத் தடுக்கும் என்பதற்குச் சான்று மெலிது. நார்வேயில் 100 பேரிடம் நடந்து 2023இல் வெளியான சோதனையில், உடனே கதிர்சிகிச்சை பெற்றோரின் கட்டி நான்காண்டில் சுருங்கியது. செவித்திறனிலோ வாழ்க்கைத் தரத்திலோ காத்திருந்தோரைவிட அவர்கள் குறிப்பிடத்தக்க நன்மை அடையவில்லை. காத்திருந்தோரில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினருக்குக் கட்டி வளர்ந்து பின்னர் கதிர்சிகிச்சை தேவைப்பட்டது என்பதையும் மறைக்கலாகாது.

இந்த எண்களை மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டிக்குப் பொருத்தக் கூடாது. அங்கே குஷிங் காலத்து அவசரம் இன்றும் செல்லும். சிறிய கட்டிக்கும், குறித்த தவணையில் ஸ்கேன் எடுக்காத காத்திருப்பு வெறும் வாளாவிருத்தலே. தவணை தவறாதவருக்கு மட்டுமே அது சிகிச்சை.