குழாய் நீரும் நம் உரிமையும்

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர், மகத் நகரின் சவுதார் குளத்து நீரைப் பருகி, பொது நீரில் நமக்குள்ள உரிமையை நாட்டினார். பின்னாளில் அவர் பெயரையே தாங்கிய வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தில், பாலாற்றங்கரை ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளின் நிலத்தடி நீர் தோல் பதனிடும் கழிவால் கெட்டது. அத்தொழிலில் உழைத்தோருள் நம் மக்கள் பலர். 1991ஆம் ஆண்டுப் பொதுநல வழக்கில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது.

கால்சியம், மக்னீசியம் மிகுந்த கடின நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையே இந்தியத் தர அளவு. வேறு நீர் இல்லாவிடில் 600 வரை ஏற்கலாம். கடினத்தன்மையில் ஒரு பகுதி காய்ச்சினால் நீங்கும். கழிவின் உப்பும் குரோமியமும் நீங்கா. ஆதலின், குழாயில் வரும் நீரைச் சோதித்தறிந்து, நல்ல நீரைக் கேட்டுப் பெறும் அறிவை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவதும் நம் கல்விப் பணியேயாகும்.