பேரா, மைலேஜா?

1980களின் நடுப்பகுதி வரை இந்தியாவில் ஸ்கூட்டர் வாங்குவது என்றால் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பது என்று பொருள். எந்தத் தொழிற்சாலை ஆண்டுக்கு எத்தனை வண்டி செய்யலாம் என்பதை உரிமம் கொடுக்கும் அரசு தீர்மானித்தது. இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து வெஸ்பா ஸ்கூட்டரைத் தயாரித்துவந்த புனேயின் பஜாஜ், அந்த ஒப்பந்தம் முடிந்ததும் 1972இல் சேத்தக்கைக் கொண்டுவந்தது. உச்சக்கட்டத்தில் சேத்தக்குக்கான காத்திருப்பு பத்தாண்டு வரை போனது. வெளிநாட்டு உறவினர் அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டலாம். மற்றவர்கள் பிளாக்கில் கூடுதல் கொடுத்தார்கள். ஷோரூம் வாசலைத் தாண்டிய வண்டிக்குப் புது வண்டியைவிட விலை அதிகம்.

லாம்பி, விஜய் சூப்பர் போன்ற ஸ்கூட்டர்களும் அப்போது சந்தையில் இருந்தன. அவற்றை விட்டுவிட்டுச் சேத்தக்குக்காகக் காத்திருந்ததைப் பேர் மீதான பற்று என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் சேத்தக் தெரியும், ஸ்பேர் பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், ஐந்தாறு வருஷம் ஓட்டிவிட்டு விற்றாலும் போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிடும். மாதச் சம்பளக்காரருக்கு வண்டியின் பேர் என்பது இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே சொல்.

இந்தக் கணக்குக்கு அடங்காத வண்டி சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரில் உருவானது. எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்திடமிருந்து 350 சிசி புல்லட்டுகளைத் தருவித்தது. அந்த நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் உதிரிபாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970 வாக்கில் இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் ஓயவில்லை. பெற்ற ஊரில் செத்துப்போன வண்டி, புகுந்த ஊரில் பிழைத்துக்கொண்டது.

இராணுவமும் போலீசும் ஓட்டிய வண்டி என்பதால் புல்லட்டுக்கு ஒரு மிடுக்கு ஒட்டிக்கொண்டது. கிராமத்தில் பண்ணையாரும் சினிமாவில் கதாநாயகனும் அதில் ஏறினார்கள். கிக்கர் திருப்பி அடிக்கும், ஆயில் கசியும், வலக் காலில் கியரும் இடக் காலில் பிரேக்குமாக மற்ற வண்டிகளுக்கு நேர்மாறாக இருக்கும். லிட்டருக்குக் கொடுப்பதும் குறைவு. இத்தனையும் தெரிந்தேதான் வாங்கினார்கள். பேருக்கும் சத்தத்துக்கும் பணம் கொடுத்தவர்கள் என்று தயங்காமல் சொல்லத்தக்கவர்கள் இவர்கள் மட்டுமே.

எதிர்த்திசையில் ஓசூர் இருந்தது. பொருளுக்கேற்ற விலை என்ற எண்ணத்தை எலும்பும் தோலுமாகச் செய்து நிறுத்தியது போல, 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. மொபெட் என்றாலே ஒருவர் மட்டும் போகிற வண்டி என்றிருந்த காலத்தில் இருவர் போகலாம் என்றது. இருவரோடும் அது நிற்கவில்லை. பால் கேன், அரிசி மூட்டை, தண்ணீர்க் குடம், கீரைக்கட்டு எல்லாம் அதில் ஏறின. மிதித்துக் கிளப்பலாம், கியர் மாற்றும் வேலை இல்லை, ரிப்பேரும் சில்லறைச் செலவோடு முடிந்துவிடும். எந்தக் கம்பெனியின் மொபெட்டானாலும் ஜனங்கள் அதை ‘டி.வி.எஸ். ஃபிப்டி’ என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

பெரிய திருப்பம் 1984இலும் 1985இலும் வந்தது. 100 சிசி வண்டிகளுக்கு ஜப்பானியக் கூட்டுறவை அரசு அனுமதிக்க, ஹோண்டா ஹீரோவோடும், சுசுகி டி.வி.எஸ்ஸோடும், யமஹா எஸ்கார்ட்ஸோடும், கவாசாகி பஜாஜோடும் கைகோத்தன. ஹோண்டாவைத் தவிர மற்ற மூன்றும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளோடு வந்தன. அவற்றில் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து எரியும், புகையும் வரும். ஹீரோ ஹோண்டாவின் சிடி 100 மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் கலக்கும் வேலையே இல்லை. லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. பெட்ரோலை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடுங்கள் என்பதுதான் அதன் விளம்பரம். வேகமும் அழகும் அந்த விளம்பரத்தின் பேச்சில் இல்லை. பிறகு நாடெங்கும் வண்டி வாங்கப் போனவர்கள் கேட்ட முதல் கேள்வி ‘எவ்வளவு கொடுக்கும்?’ என்பதாயிற்று.

காத்திருந்து வாங்கியவர்களின் பற்று எத்தனை ஆழம் என்பது அப்போதுதான் தெரிந்தது. சேத்தக் குடும்பங்களின் அடுத்த தலைமுறை மோட்டார் சைக்கிளுக்கு மாறியது. 1989இல் ‘ஹமாரா பஜாஜ்’ விளம்பரம் தேசம் முழுவதையும் நெகிழ வைத்தது. நெகிழ்ந்தவர்களில் பலர் அடுத்த வண்டியை வேறு இடத்தில் வாங்கினார்கள். ஹீரோ ஹோண்டா 1994இல் ஸ்ப்ளெண்டரைக் கொண்டுவந்தது. 2001இல் எண்ணிக்கையில் உலகின் மிகப்பெரிய இருசக்கர வண்டித் தயாரிப்பாளர் ஆனது. பஜாஜ் 2009இல் ஸ்கூட்டரையே கைவிட்டது. மைசூரில் ஜாவாவும் யெஸ்டியும் செய்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை அதற்கு முன்பே, 1996இல் மூடப்பட்டிருந்தது.

திருவொற்றியூரும் தப்பவில்லை. 1994இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த நிறுவனத்தை 2000ஆம் ஆண்டு வாக்கில் மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அவகாசம் கேட்டுப் பொறுப்பேற்றவர் இருபதுகளில் இருந்த சித்தார்த்த லால். அவருக்கு வாய்த்த சிக்கல் விநோதமானது. கசிவும் கிக்கரும் புது வாடிக்கையாளரை விரட்டின. அவற்றைச் சரிசெய்தால் பழைய வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார். கியர் இடப்பக்கம் மாறியபோது முணுமுணுப்பு எழுந்தது. வார்ப்பிரும்பு எஞ்சின் போய் அலுமினிய எஞ்சின் வந்தபோது சத்தம் போச்சே என்று புலம்பினார்கள். பற்று மிகுந்த வாடிக்கையாளர் ஒரு கம்பெனிக்குச் சொத்தா, சுமையா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. கடைசியில், பழைய தோற்றத்துக்குள் புது எஞ்சினை வைத்த கிளாசிக் 2009இல் வந்தது. வாங்கியவர்களில் பலர் அதுவரை புல்லட்டை ஓட்டியதே இல்லாத இளைஞர்கள். ஆயில் கசியாத வண்டியில் தாத்தா காலத்து மிடுக்கு அவர்களுக்குக் கிடைத்தது. 2013இல் ஓரகடத்திலும் அதன்பின் வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் எழுந்தன.

இதற்கிடையே பேருக்கு நேரடியான சோதனைகளும் வந்தன. 2001இல் சுசுகி பிரிந்தபோது ஜப்பான்காரர் போனால் டி.வி.எஸ். என்ன செய்யும் என்று கேட்டவர்கள் பலர். சொந்த முயற்சியில் உருவான விக்டர் அதே ஆண்டில் வந்து நன்றாக விற்றது. ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக 2010 டிசம்பரில் அறிவித்தன. மறு ஆண்டு கம்பெனியின் பேர் ஹீரோ மோட்டோகார்ப் ஆயிற்று. டேங்கிலிருந்து ‘ஹோண்டா’ போன பிறகும் ஸ்ப்ளெண்டரின் விற்பனை சரியவில்லை. மெக்கானிக் அதே ஆள், மைலேஜ் அதே மைலேஜ், செகண்ட் ஹேண்ட் விலையும் அப்படியே. வாங்குபவருக்கு மாறியது ஸ்டிக்கர் மட்டும்தான்.

போன பேர்கள் சில திரும்பியும் வந்திருக்கின்றன. 2018இல் ஜாவாவும், 2020இல் மின்சார ஸ்கூட்டராகச் சேத்தக்கும், 2022இல் யெஸ்டியும் மறுபடி கடைக்கு வந்தன. ஓசூர் மொபெட்டுக்கு அப்படித் திரும்பி வர வேண்டிய தேவையே ஏற்படவில்லை, அது போகவே இல்லை. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினோடு எக்ஸ்.எல். 100 என்று இப்போது விற்கிறது. பில்லில் அந்தப் பேர்தான் இருக்கும். மூட்டையைத் தூக்கி முன்னால் வைக்கிறவர் வாயில் அது இன்னும் டி.வி.எஸ். ஃபிப்டி.