கல்லுக்குள் புகுந்த உப்பு



சென்னையிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்லும் சாலையில் கோவளம், திருவிடந்தை ஆகிய ஊர்களைக் கடந்து மாமல்லபுரத்தை அடைகிறோம். இவ்வழியில் உப்புக்கு இரு முகங்கள் உண்டு. கோவளம், கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களில் அது நெடுங்காலம் மக்களுக்குப் பிழைப்பளித்தது. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலிலோ அது சிற்பங்களை அரிக்கும் பகையாக நிற்கிறது. அப்பகையை வெளியேற்ற எவ்வளவு காலமாகும் என்னும் கணக்கின் வரலாற்றையே இன்று சொல்ல விழைகிறேன்.

8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கோயில் அது. அங்குள்ள சிங்கங்களையும் நந்திகளையும் காணுந்தோறும், அவற்றின் முகங்கள் மழுங்கியிருப்பது என் மனத்தை வருத்துகிறது. கடற்காற்றுச் சுமந்துவரும் உப்புத் துளிகள் கல்லின் நுண்துளைகளில் நுழைகின்றன. நீர் உலர்ந்ததும் உப்பு படிகமாகிப் பக்கங்களை நெருக்குகிறது. இவ்வாறு நனைவதும் உலர்வதும் மாறிமாறி நிகழ, கல்லின் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது.

இதற்குத் தொல்லியல் துறையின் வேதியியலார் கையாளும் முறை எளியது. காகிதக் கூழை நல்ல நீரில் ஊறவைத்துக் கல்லின்மேல் அப்புகின்றனர். நீர் துளைகளுக்குள் சென்று உப்பைக் கரைக்கிறது. கரைந்த உப்பு, செறிவு மிகுந்த கல்லிலிருந்து செறிவு குறைந்த கூழை நோக்கி விரவுகிறது. கூழ் உலரும்போது வெளியேறும் நீரும் ஓரளவு உப்பைக் கொண்டுவருகிறது. பின்னர்க் கூழை உரித்தெடுத்துவிட்டு, மீண்டும் புதிதாக அப்புகின்றனர்.

இவ்விரவுதலை முதன்முதல் முறையாக அளக்க முற்பட்டவர்களுள் தலையானவர் தாமஸ் கிரகாம். உப்புக் கரைசல் நிரம்பிய சிறு குப்பிகளை நீர்ச் சாடிகளுக்குள் அசையாது வைத்து, பல நாட்களுக்குப் பின் எவ்வளவு உப்பு வெளிவந்தது என்று ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1850-இல் வெளிவந்தது. 1855-இல் சூரிச் நகரில் பணியாற்றிய இளம் உடலியலார் அடால்ஃப் ஃபிக், வெப்பம் பரவுவதற்கு ஃபூரியே கண்ட விதியைப் போன்றதொரு விதி உப்புக்கும் பொருந்தும் என நிறுவினார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1905-இல், ஐன்ஸ்டீன் அதன் உட்காரணத்தை விளக்கினார்.

திருவிழா நெரிசலில் அகப்பட்ட சிறுவனை நினைத்துப் பாருங்கள். நாற்புறமும் இடிபட்டு அவன் நூறு அடி வைத்தாலும், புறப்பட்ட இடத்திலிருந்து ஏறக்குறையப் பத்து அடி தொலைவே போயிருப்பான். கரைந்த துகளும் அத்தகையதே. ஆகவே, தொலைவு இருமடங்கானால் காலம் நான்கு மடங்காகும். தொலைவு பத்து மடங்கானால் காலம் நூறு மடங்காகும்.

அசையாத நீரில் சாதாரண உப்புக்கு இக்கணக்கைப் போடுவோம். 1 மில்லிமீட்டர் விரவ ஏறத்தாழ 5 அல்லது 6 நிமிடம் ஆகும். 1 சென்டிமீட்டருக்கு 9 மணி நேரம், 10 சென்டிமீட்டருக்கு 38 நாள், 1 மீட்டருக்குப் பத்து ஆண்டுக்கு மேல்! குவளை நீரில் உப்பிட்டு நாம் கலக்குவதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

கல்லிலோ வழி குறுகலானது, வளைந்து செல்வது. அதனால் வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொள்வோம். 1 சென்டிமீட்டர் ஆழத்து உப்பு வெளிவர ஏறக்குறைய 4 நாள் வேண்டும். 10 சென்டிமீட்டர் ஆழத்து உப்புக்கு ஓராண்டுக்கு மேல் வேண்டும். ஈரக் கூழோ சில நாட்களில் உலர்ந்துவிடும்! எனவே கூழினால் கல்லின் மேல்தோலையே தூய்மை செய்ய இயலும். ஆழத்தில் தங்கிய உப்பு மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டேயிருக்கும். கடற்காற்றும் நாள்தோறும் புதிய உப்பைக் கொணரும்.

ஆதலால் இது ஒருமுறை செய்து முடித்துவிடும் பணியன்று. திரும்பத் திரும்பக் கூழ் அப்ப வேண்டும். உப்புக் காற்றையும் அலையையும் தடுக்கவும் வேண்டும். இதற்காகவே கோயிலருகே சவுக்கு மரங்கள் நடப்பட்டன. கடலோரத்தில் பாறைகள் குவிக்கப்பட்டன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கும் அச்சிற்பங்களில் எஞ்சியிருப்பதைக் காப்பதற்கு வேண்டிய பொறுமை எத்துணை என்பதை இச்சிறு கணக்கு நமக்கு அளந்து காட்டுகிறது. நீங்கள் அங்குச் செல்லும்போது, கல்லின்மேல் வெண்கூழ் அப்பியிருக்கக் கண்டால், அதைத் தொடாமல் விலகி நின்று பாருங்கள்.