நத்தாருக்கு மறுநாள்

நத்தார் முடிந்த மறுநாட் காலையில் மனதைக் கவ்வும் வெறுமை சிறுவயதிலிருந்தே எனக்குப் பழக்கமானது. நள்ளிரவுத் திருப்பலியும் வெடிச்சத்தமும் உறவினர் வருகையும் ஓய்ந்தபின், வாடத் தொடங்கிவிட்ட மரக்கிளையையும் அதனடியில் இருந்த பாலன் குடிலையும் பார்த்தபடி, "இவ்வளவுதானா அம்மா?" என்று கேட்பேன். "நேற்றுத்தானே தொடங்கியது" என்பார் அம்மா. அழும் பிள்ளையைத் தேற்றச் சொன்ன வார்த்தை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பத்திரிகையின் நத்தார் மலருக்காகத் திருச்சபை வரலாற்று நூல்களைப் புரட்ட நேர்ந்தபோதுதான், அம்மா சொன்னது வரலாற்று உண்மை என்பதை அறிந்துகொண்டேன்.

டிசெம்பர் 25 இல் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடும் வழக்கம் நான்காம் நூற்றாண்டில் உரோமையில் நிலைபெற்றிருந்தது. கிழக்குத் திருச்சபைகளுக்கோ ஜனவரி 6 ஆம் திகதியின் திருக்காட்சி விழாவே பெருவிழா. அதே நூற்றாண்டின் இறுதியில் யெருசலேமுக்கு யாத்திரை சென்ற எகேரியா என்னும் பெண்மணி, அங்கே திருக்காட்சி விழா எட்டு நாட்கள் நீடித்ததையும், அதிலிருந்து நாற்பதாம் நாள் மீண்டும் ஒரு பெருவிழா எடுக்கப்பட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். 567 இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய சங்கம், நத்தாருக்கும் திருக்காட்சிக்கும் இடைப்பட்ட நாட்களை விழா நாட்களாகவே கணித்தது. நத்தாருக்கு முந்திய வாரங்களோ நோன்புக்குரியவை. முதலில் ஒறுத்தல், பின்னர் கொண்டாட்டம் என்பதே பழைய ஒழுங்கு.

நாம் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டோம். நவம்பரிலேயே கடைத்தெருக்களில் நத்தார் தொடங்கிவிடுகிறது. விருந்தும் ஒளிவிளக்குகளும் திருவருகைக் காலத்திலேயே தீர்ந்துபோகின்றன. விழா பிறக்கும் நாளிலேயே நாம் களைத்துப்போய் விடுகிறோம். மறுநாள் வெறுமை சூழ்வதில் வியப்பென்ன?

அதைவிட ஆழமான உண்மையொன்றும் அந்த நாட்காட்டியில் உண்டு. டிசெம்பர் 26 முதல் மறைசாட்சியான முடியப்பர் கல்லெறிபட்டு இறந்ததை நினைவுகூரும் நாள். 27 திருத்தூதர் யோவானுக்குரியது. 28 ஏரோது மன்னனின் வாளுக்கு இரையான பெத்லகேமின் மாசில்லாக் குழந்தைகளுக்குரியது. இந்நாட்கள் யாவும் ஒரே காலத்தில், ஒரே திட்டத்துடன் ஏற்படுத்தப்பட்டவை அல்ல. ஆனாலும் நான்காம் நூற்றாண்டிலேயே நீசா நகர ஆயர் கிரகோரியார், பிறப்பு விழாவையும் அதற்கு மறுநாள் வரும் முடியப்பர் விழாவையும் இணைத்துப் போதித்திருக்கிறார். தொட்டிலுக்கு அருகிலேயே இரத்தத்தையும் கண்ணீரையும் வைக்க ஆதித் திருச்சபை தயங்கவில்லை.

இதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது 2004 இல். அவ்வாண்டு டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறை, திருக்குடும்ப விழா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் எகிப்துக்குத் தப்பியோடிய வரலாறே அன்றைய நற்செய்தி வாசகம். மாத்தறை மாதா ஆலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருந்த வேளையிலேயே கடல் உட்புகுந்தது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பு நாவலடியிலும் கல்முனையிலும் கரையோரக் குடியிருப்புகள் சில நிமிடங்களில் அழிந்தன. இலங்கையில் மட்டும் 30,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெருந்தொகையானோர் சிறுவர்கள். பணிமனையில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி ஊர்ப் பெயர்களையும் எண்ணிக்கைகளையும் எழுதிக்கொண்டே இருந்தேன். முதல்நாள் கட்டிய நட்சத்திர விளக்கு வாசலில் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கவேண்டுமென்ற எண்ணம் எங்களில் எவருக்கும் எழவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தது மாசில்லாக் குழந்தைகள் திருநாள். அதிகாலைத் திருப்பலிக்குச் சென்றேன். தன் பிள்ளைகளை இழந்து ஆறுதல் பெற மறுத்த இராகேலைப் பற்றிய பகுதியை வாசித்த குருவானவர், மறையுரை ஆற்றாமல் அமர்ந்துவிட்டார். ஆலயத்தில் நெடுநேரம் விம்மல் ஒலி மட்டுமே கேட்டது. எந்த மறையுரையும் அன்று அவ்வளவு ஆறுதல் தந்திருக்க மாட்டாது. எங்கள் துயரத்துக்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நத்தாருக்குள் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்ததை அப்போது உணர்ந்தேன்.

சிறுவனின் மனச்சோர்வையும் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் துயரையும் ஒரே தராசில் நிறுப்பது தகாது. ஆயினும் இரண்டுக்கும் அந்த நாட்காட்டி சொல்வது ஒன்றுதான். நத்தார் என்பது மகிழ்ச்சியாக இருக்கவேண்டும் என்ற கட்டளையன்று. மகிழ்ச்சி வற்றிய இடத்துக்கும் இறைவன் வந்தார் என்ற செய்தி அது.

அதன்பின் எங்கள் வீட்டில் பாலன் குடிலை ஜனவரி 6 வரை கலைப்பதில்லை. பலகாரத்தில் ஒரு பங்கை 26 ஆம் திகதிக்கென்று எடுத்துவைத்து, அவ்வாண்டில் இழவு நேர்ந்த வீடொன்றுக்குக் கொண்டு செல்வோம். பேசுவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் இராது. தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். மறுநாட் காலையின் வெறுமை இந்த வயதிலும் வராமலில்லை. வரும்போது அம்மாவின் குரலும் கூடவே வருகிறது: நேற்றுத்தானே தொடங்கியது.