ஓர் ஈற்றுப் பன்றிகள் இரண்டு

வளரும் பன்றி இன்ன தீனிக்கு இவ்வளவு தசையும் இவ்வளவு கொழுப்பும் வைக்கும் என்று கணிப்பொறி இக்காலத்தில் விநாடிப் பொழுதில் சொல்லிவிடுகிறது. ஆயினும் அந்தக் கணக்கின் மூலத்தைத் தேடிப் போகிறவர்கள், இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டுஷயரில் உள்ள ரோதாம்ஸ்டெட் பண்ணைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

அங்கே ஜான் பென்னட் லாஸ் என்னும் நிலப்பிரபு, தம் பிதுரார்ஜித நிலத்தில், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற ரசாயன சாஸ்திரியின் துணையோடு 1843-ல் ஆராய்ச்சி தொடங்கிய நாளில், ஐரோப்பிய அறிஞரிடையே ஒரு பெரும் வாதம் நடந்துகொண்டிருந்தது. தாவரம் ஆக்கிய கொழுப்பையே பிராணி தின்று சேர்த்துவைக்கிறது என்பது பிரான்ஸில் தூமாவின் பட்சம். மாவுச்சத்தைக் கொழுப்பாக மாற்றும் சக்தி பிராணியின் சரீரத்துக்கே உண்டு என்பது ஜெர்மனியில் லீபிக்கின் பட்சம்.

லாஸும் கில்பர்ட்டும், ஓர் ஈற்றில் பிறந்து ஏறக்குறைய ஒரே எடையுள்ள இரு பன்றிகளைத் தேர்ந்து, ஒன்றை உடனே அறுத்து அதன் சரீரம் முழுவதையும் பரிசோதித்துவிட்டு, மற்றதற்குத் தீனியை அளந்து அளந்து வாரக்கணக்கில் ஊட்டிப் பின் அதையும் அறுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே வளர்ச்சி என்று கொண்டார்கள். தீனியில் இருந்ததைப் போலப் பன்மடங்கு கொழுப்பு உடலில் சேர்ந்திருந்தது. லீபிக்கின் பட்சம் வென்றது. வாதம் தீர்ந்ததைவிட அந்த முறை பிறந்ததே பெரிது என்பது என் துணிபு. முதலில் அறுத்த பன்றி, உயிரோடிருக்கும் பன்றியின் தொடக்க நிலைக்குச் சாட்சியாக நிற்கும் என்ற அந்த எண்ணம் எத்தனை எளிது, எத்தனை ஆழமானது! ஆடு, மாடு, பன்றி ஆகிய பத்துப் பிராணிகளின் முழு உடல் அமைப்பை அவர்கள் 1859-ல் ராயல் சொசைட்டி வாயிலாக வெளியிட்டார்கள்.

பின்னர் கேம்பிரிட்ஜில், ஜான் ஹாமண்டிடம் பயின்ற நியூஜிலாந்துக்காரரான மக்மீகன், இளமையில் நிறைய ஊட்டிப் பிற்பகுதியில் குறைத்தால் தசை மிகும், இளமையில் குறைத்துப் பின்னர் நிறைய ஊட்டினால் கொழுப்பு மிகும் என்று 1940-ஐ ஒட்டிக் காட்டினார். நியூயார்க்கில் ஷோன்ஹைமர், உடலின் புரதம் கட்டிய சுவரைப்போல் அசையாது நிற்பதன்று, ஓயாமல் சிதைந்து ஓயாமல் புதுப்பிக்கப்படுவது என்று நைட்ரஜனின் ஐசோடோப்பைக் கொண்டு நிரூபித்தார். அவர் கண்டது எலியில். பன்றிக்கும் அது பொருந்தும்.

இவற்றையெல்லாம் ஒரே கணக்கில் கோத்தவர்கள், எடின்பரோவைச் சேர்ந்த விட்டமோரும் ஃபாசெட்டும். 1974-லும் 1976-லும் அவர்கள் வெளியிட்ட மாதிரியின் சாரம் இது: தீனியின் சக்தி முதலில் உயிர் தரிக்கச் செலவாகும், புரதம் கூடக்கூடத் தசையும் கூடும், ஆனால் ஒவ்வொரு பன்றிக்கும் பிறவியிலேயே ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்கு மேல் கொடுத்த புரதம் சிதைந்து, அதன் நைட்ரஜன் சிறுநீரில் கழிந்துபோகும், எஞ்சிய சக்தி கொழுப்பாகும். வரம்பு மீறிப் புரதம் ஊட்டுகிறவன் விலையுயர்ந்த சோயாவை எருக்குழிக்கே கொடுக்கிறான் என்பதை, அனுபவத்தால் அரைகுறையாக உணர்ந்திருந்த பண்ணையாளர்களுக்கு, அந்தச் சமன்பாடுகள் எண்ணிலேயே காட்டின.

அறுத்து அளந்த உடலோடு ஒத்துப்பார்க்காத எந்தச் சமன்பாட்டையும் பண்ணைக்காரர் நம்பலாகாது. ரோதாம்ஸ்டெட்டின் முறையே இன்றும் அதற்கு உரைகல்.